கியர் ஆயில் திருடனைக் கண்டுபிடித்த மகனுக்கு

சாமி,

லாரியின் கியர் பெட்டியில் ஆயில் எப்படிக் குறைகிறது என்று தெரிந்துவிட்டது, யாரும் திருடவில்லை, செல்லத்துரை அதைத் தொட்டதுகூட இல்லை என்று உனக்குப் போனில் சொன்னேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாய். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குக் கீழே "சூப்பர்மா, கல்யாணத்துக்கு முன்னாடி வண்டி ரெடி" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபத்துக்கு ஏசி போடலாமா, மாப்பிள்ளை அழைப்புக்கு எந்தக் கார் என்று பேசினாய். செல்லத்துரை என்ற பெயர் உன் வாயில் வரவே இல்லை. வரும் வரும் என்று நானும் காத்திருந்தேன். போனில் திட்டினால் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். உன் அப்பா, "கல்யாணம் முடியட்டும் புள்ள, அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். உன் அப்பா அப்புறம் பேசிக்கொள்வதாகச் சொன்ன காரியங்களை எல்லாம் அடுக்கினால் நம் ஷெட்டு போதாது.

இதில் ஒரு பிரதி, வரப்போகிற மருமகளுக்கும் போகிறது. அதனால்தான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். அவள் பாலக்காட்டு டவுனில் வளர்ந்த பெண். முதலமடையில் நமக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது, மாங்காயைத் தரம் பிரித்துக் கட்டுகிற ஷெட்டு இருக்கிறது, ஒரு பழைய ஆறு சக்கர லாரி இருக்கிறது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அந்த லாரியைப் பல வருஷமாக ஓட்டியவர் செல்லத்துரை என்பதும், சீசனில் மாங்காயை ஏற்றிக்கொண்டு உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கும் அதைத் தாண்டியும் போகிறவர் அவர்தான் என்பதும் தெரியாது. அவருக்குச் சொந்த ஊர் சூரியநெல்லி. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இப்போது கீழே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். மலைக்குச் சரக்குக் கொண்டுபோனால் இறக்கிவிட்டு, ஒரு பொழுது வீட்டில் தங்கிவிட்டுத்தான் திரும்புவார். அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததுதான் உன் கண்ணில் குற்றமாகப் பட்டது.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் லாரி ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்டுக்குப் போயிற்று. நம் ஊரில் டெஸ்டுக்குப் போகிற வண்டிக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது, நோம்பிக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி. துரு இருக்கிறதோ இல்லையோ, அடித்தாக வேண்டும். நீ கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் அதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்தாய். குனிந்து குனிந்து, போன் வெளிச்சத்தைக் காட்டி, "இங்க விட்டுப்போச்சு, அங்க விட்டுப்போச்சு" என்று பெயிண்டரைப் பிழிந்து எடுத்தாய். கடைசியில் வண்டியின் அடிப்பாகம் முழுக்க ஒரே கறுப்பாகப் பளபளத்தது. அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாய். லாரியின் மேல்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கத்தை அனுப்பியவன் நீ ஒருவன்தான். அதோடு விட்டாயா? இனிமேல் வண்டி ஒவ்வொரு ட்ரிப்பும் முடிந்து ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் பொள்ளாச்சி ரோட்டில் வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டாய். மாங்காய் ஏற்றுகிற லாரிக்கு மணப்பெண் அலங்காரம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கியர் பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. கொல்லங்கோட்டு ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற சசி வந்து, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற திருகைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். ஆயில் அந்தத் துளை மட்டத்துக்கு நிற்க வேண்டும், விரல் நுனியில் பட வேண்டும். படவில்லை. ஊற்றி நிரப்பினார். அடுத்த மலை ட்ரிப் போய் வந்ததும் மறுபடியும் விரல் காய்ந்து வந்தது. பின்பக்கத்தில் ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் வளையத்தை மாற்றினார். மாற்றிவிட்டு, "சேச்சி, சீல் புதுசு போட்டிட்டுண்டு, இனி ஒரு துளி போகாது" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அடுத்த ட்ரிப்பிலும் ஆயில் குறைந்தது. சசி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். உன் அப்பா, "நாலு பேரு கண்ணு வண்டி மேல உழுந்துருச்சு புள்ள" என்று ஒரு பூசணிக்காயை வாங்கி வந்து உடைத்தார். அதில் வழுக்கி விழுந்தது அவர்தான். அவரையாவது மன்னிக்கலாம். பூசணிக்காய் யாருடைய பெயரையும் கெடுக்கவில்லை.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி அல்லவா, ஊரே உன்னை எதிர்பார்த்திருந்தது. பழைய கட்சி ஃப்ளெக்ஸ் ஒன்றை எடுத்து வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி லாரிக்கு அடியில் விரித்தாய். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. ஓடாமல் சமதரையில் நிற்கிற வண்டிக்கு, கழுவித் துடைத்த வண்டிக்கு அடியில் விரித்துவிட்டு, கீழே சொட்டவில்லை என்று தீர்ப்பு எழுதினாய். சீல் புதுசு. தரை உலர்ந்திருக்கிறது. பொள்ளாச்சி, கோயமுத்தூர் ட்ரிப்பில் குறைவதில்லை. மலைக்குப் போனால்தான் குறைகிறது. மலையில் யார் வீடு இருக்கிறது? செல்லத்துரை வீடு இருக்கிறது. முடிந்தது கதை. இதைச் சொல்லத்தான் நீ படித்தாயா சாமி? மலைக்குப் போனால்தான் குறைகிறது என்று உன் வாயாலேயே சொன்னாயே, மலையில் வீட்டைத் தவிர வேறு ஒன்றும் இருக்கிறது என்று தோன்றவில்லையா? ஏற்றம் இருக்கிறது. லாரி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, முழுப் பாரத்தோடு, கொதிக்கக் கொதிக்க ஏறுகிற ஏற்றம்.

அன்றைக்கு நான் பொள்ளாச்சி மண்டிக்குப் போயிருந்தேன். நடந்ததை ஷெட்டில் மாங்காய் பிரிக்கிற பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி சொன்னார்கள். லோடு ஏற்றுகிறவர்கள், வியாபாரிகள், டீ கொண்டுவந்த ஆள் எல்லாரும் இருக்கும்போதே நீ கேட்டாயாம்.

"செல்லத்துரையண்ணா, மலைக்குப் போனா மட்டும் ஆயில் கொறையுதே, அங்க யாருக்குங்க ஊத்தறீங்க?"

அவர் முதலில் புரியாமல் சிரித்திருக்கிறார். "தம்பி, வெளையாட்டுக்குக் கேக்கியளா?"

"வெளையாடறதுக்கு எனக்கு நேரமில்லீங்க. ஊருக்குப் போறப்ப கழட்டி எடுக்கறீங்க. அதை ஒத்துக்கிட்டுப் போயிருங்க, போலீஸு கீலீஸெல்லாம் வேண்டாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாங்காய் நிறுக்கிற தராசின் மேல் வைத்தார். லாரிக்குள் ஏறித் தன் போர்வையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த அவர் பேத்தியின் படத்தைக் கிழியாமல் உரித்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனதாம். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனபோது நீ ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. உன் முட்டாள்தனத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. கியர் ஆயிலை நீ எப்போதாவது முகர்ந்து பார்த்திருக்கிறாயா? அழுகிய முட்டை வாடை. ஓடிக் கறுத்த பிறகு அதை யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அந்த மனிதர் கையில் டேங்க் நிறைய டீசல் இருந்தது, கூடை கூடையாக மாங்காய் இருந்தது. அதையெல்லாம் தொடாதவர், வயதான காலத்தில் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் ஊர்ந்து போய்க் கெட்டுப்போன ஆயிலை வடித்துக் குடத்தில் எடுத்துப் போனார் என்கிறாய். இந்த அறிவை வைத்துக்கொண்டு நீ தொழிற்சாலையில் எதைத் தரம் பார்க்கிறாய் என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

இது உன் அப்பா வீட்டு வழக்கம் என்பதையும் மருமகள் தெரிந்துகொள்ளட்டும். அந்த வம்சத்தில் எது குறைந்தாலும் யாரோ எடுத்துவிட்டார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்று உன் அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தார், பைப்பு போட்டு இழுக்கிறீர்கள் என்று. கடைசியில் பார்த்தால் நம் கக்கூஸ் ஃப்ளஷ் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சரி செய்தார். சரி செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். இன்றுவரை அந்த வீட்டுக் கறிவேப்பிலை நமக்குக் கிடையாது. நீயும் அப்படித்தான். ஏழாவது படிக்கும்போது உன் காம்பஸ் பெட்டி காணாமல் போனது. பக்கத்தில் உட்கார்கிற பையன்தான் எடுத்தான் என்று டீச்சரிடம் சொல்லி அவனுக்கு அடி வாங்கிக் கொடுத்தாய். பெட்டி நம் வீட்டில் மடித்து வைத்த குடைக்குள் கிடந்தது. அவனிடம் போய்ச் சொன்னாயாடா என்று கேட்டேன். "அதான் கெடைச்சிருச்சில்ல, அப்புறம் என்ன?" என்றாய். குழந்தை என்று விட்டேன். இப்போது மீசை வைத்துக்கொண்டு அதையேதான் சொல்கிறாய். பொருள் கிடைத்துவிட்டால் உனக்கு விஷயம் முடிந்துவிடுகிறது.

சரி, ஆயிலுக்கு வருகிறேன். கண்டுபிடித்ததற்கு எனக்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை, கொஞ்சம் பிடிவாதம் போதுமாக இருந்தது. என் யோசனை இதுதான். கியர் பெட்டியில் ஆயிலை எரிக்க எதுவும் கிடையாது. ஆகவே குறைந்தால் வெளியேதான் போயிருக்க வேண்டும். முன்பக்கமாகப் போனால் கிளட்ச் நனைந்து வழுக்கும், ஏற்றத்தில் கருகல் வாடை வரும். அப்படி ஒன்றும் இல்லை என்று செல்லத்துரை போவதற்கு முன்பே சசியிடம் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பின்பக்கமாகப் போகிறது. போனால் தடம் இருக்க வேண்டும். தடம் எங்கே? தடத்தை ஒவ்வொரு ட்ரிப்பும் காசு கொடுத்து வாட்டர் சர்வீஸில் கழுவிவிட்டுத்தானே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மிச்சம் மீதி ஒட்டியிருந்தாலும் கறுப்புப் பெயிண்ட் மேல் கறுப்பு ஆயில், யார் கண்ணுக்குத் தெரியும்? இந்த இரண்டு ஏற்பாடும் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல் வண்டியைக் கழுவினால் கையை முறிப்பேன் என்று சொல்லிவிட்டேன். கியர் பெட்டியை, அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற தண்டை, அதற்கு மேலே இருக்கிற பலகையை எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கச் செய்தேன். பிறகு சாக்கை விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே அடியில் போய்ப் படுத்தேன். கோலப்பொடியைப் பழைய வேட்டித் துண்டில் முடிந்து எல்லா இடத்திலும் தட்டித் தட்டி வெள்ளையாக்கினேன். ஷெட்டே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. உன் அப்பா, "ஏம்புள்ள, மானம் போகுது, வெளிய வா" என்று என் காலைப் பார்த்துக் கெஞ்சினார். அந்த வீட்டில் மானம் எப்போது போகும், எப்போது போகாது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லித் துரத்தினால் போகாதது, பெண்பிள்ளை லாரிக்கு அடியில் படுத்தால் போய்விடுகிறது.

கோவிந்தாபுரத்து மணியைத் தற்காலிகமாக ஓட்ட வைத்திருந்தேன். முதலில் பொள்ளாச்சிக்குப் போய் வந்தான். கோலப்பொடி போட்டது போட்டபடி இருந்தது. அடுத்து மலைக்கு லோடு. நானும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சின்னாறு செக்போஸ்டில் இறங்கிப் பார்த்தேன், வெள்ளை. அங்கிருந்து ஏற்றம். வண்டி முக்கி முனகி மறையூர் வந்து சேர்ந்ததும் சமமான ஓர் இடம் பார்த்து நிறுத்தச் சொல்லி மறுபடியும் குனிந்தேன். பெட்டியின் முன்பக்கம் வெள்ளை. பின்னால் தண்டு சேருகிற இடத்தில் சுற்றிலும் ஈரம். தண்டு சுற்றுகிற வேகத்தில் மேலே பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் தெறித்திருந்தன. வண்டி நின்றதும் ஒழுக்கும் நின்றுவிட்டது. தரையில் ஒரு சொட்டு இல்லை. உன் ஃப்ளெக்ஸை அங்கே விரித்திருந்தாலும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

புது சீல், அப்புறம் ஏன் கக்குகிறது? கொஞ்ச நேரம் ஆறவிட்டு, பக்கத்துத் திருகைத் தளர்த்தச் சொன்னேன். மணி பாதித் திருகு திருப்பியதும் உஸ்ஸென்று காற்று சீறியது. அவன் பயந்து ஸ்பானரைப் போட்டுவிட்டான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சமையலறையில் நின்றிருக்கிற யாருக்கும் விளங்கும். குக்கரின் ஓட்டை அடைத்துப்போனால் ஆவி வேறு எங்காவது கிழித்துக்கொண்டு வரும்.

"மணி, இந்தப் பொட்டிக்குக் காத்துப் போறதுக்கு வழி வெச்சிருப்பானல்ல? அது எங்கடா இருக்குது?"

"மேல ஒரு சின்ன மூடி இருக்குமுங்க. ப்ரீதர்னு சொல்லுவாங்க. கைல தொட்டா ஆடோணும்."

கையை விட்டுத் தடவினோம். ஆடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி, அதன் மேலே, அதைச் சுற்றிலும், அதன் ஓட்டைக்குள்ளேயும் கறுப்புப் பெயிண்ட் வழிந்து இறுகிக் கிடந்தது. உன் பளபளப்புப் பெயிண்ட். விட்டுப்போச்சு விட்டுப்போச்சு என்று நீ வெளிச்சம் காட்டி அடிக்க வைத்த பெயிண்ட். புடவை ஊக்கைக் கழற்றி மணியிடம் கொடுத்துச் சுரண்டச் சொன்னேன். பெயிண்ட் உரிந்து வந்தது, மூடி ஆடியது. தரையில் வண்டி ஓடும்போது பெட்டி அவ்வளவாகச் சூடாகாது, உள்ளே அழுத்தம் ஏறாது. ஏற்றத்தில் சூடாகி, மூச்சு விட வழியில்லாமல், பின்பக்கம் சாய்ந்து நிற்கிற ஆயிலை சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. ஆயிலை நிரப்பிக்கொண்டு மேலே போனோம். திரும்பி வந்து, வண்டி ஆறிய பிறகு, சமதரையில், எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சசியை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். விரல் நனைந்து வந்தது. அடுத்த மலை ட்ரிப்பிலும் நனைந்தே வந்தது. ஷெட்டில் எல்லாரும் பார்த்தார்கள். இதைத்தான் உனக்குப் போனில் சொன்னேன். இதற்குத்தான் கட்டைவிரல்.

நீ செல்லத்துரையைப் போய்ப் பார்க்கவில்லை. பத்திரிகை வைக்கப் பொள்ளாச்சி, ஆனைமலை, சித்தூர் என்று ஊர் ஊராகக் காரில் சுற்றினாய். உன் பழைய மேனேஜருக்கு வைக்கத் திருச்சூர் வரை போனாய். சூரியநெல்லிக்கு மட்டும் வழி தெரியவில்லை. அதனால் நான் போனேன்.

பஸ்ஸில் போய் இறங்கும்போது சாயங்காலம். டூரிஸ்டுகளை மலை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போன ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை ஓட்டி வந்தவர் செல்லத்துரை. இப்போது அங்கே ஒருவரிடம் கூலிக்கு ஓட்டுகிறார். நான் கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், முதலாளியின் மச்சான் ஒருவன், உன் வயதுதான் இருப்பான், ஒரு மூங்கில் குச்சியோடு வந்தான். டீசல் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை உள்ளே விட்டு எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து ஈரம் எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்த்தான். அதுவரைக்கும் அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். மற்ற ஜீப்புகளுக்கு யாரும் குச்சி விடவில்லை. இவருக்கு மட்டும் ஏன் என்று அவனிடம் கேட்டேன். "முதலமடையில ஆயில் எடுத்தாருன்னு பேச்சு வந்துச்சும்மா. சீசன் நேரம், ஆளு கெடைக்கல, அதான் வச்சிருக்கோம்" என்றான் அந்தப் பையன், எனக்குப் பெரிய உதவி செய்கிற மாதிரி. நீ ஷெட்டில் சொன்னது மாங்காயோடு மாங்காயாக மலை ஏறிப் போயிருக்கிறது.

என்னைப் பார்த்ததும் அவர் வேகமாகக் கையை அவிழ்த்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, "டீ குடிக்கியளா" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள், பிறகு டம்ளரை நீட்டும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். கோலப்பொடி, மறையூர், அந்த மூடி. அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். தன் மேல் விழுந்த பழியை மறந்து வண்டியைப் பற்றியே கேள்வி கேட்டார்.

"ப்ரீதரா? அத நானே பாத்திருக்கணும் தாயி. அடியில பூராம் கறுப்பா கெடந்ததுல கண்ணுல படல."

திரும்பி வந்துவிடுங்கள், எல்லாரையும் கூட்டி நான் சொல்கிறேன், உங்கள் சாவி உங்கள் கையில் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க ஒண்ணுஞ் சொல்லலியே தாயி. நீங்க எதுக்கு வந்து நிக்கணும்? சொன்னவுக வந்து சொல்லட்டும்."

பிறகு கேட்டார், "தம்பிக்குத் தெரியுமா?"

சாமி, அந்த வீட்டில் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்? தெரியும், தெரிந்து பல நாளாகிறது, ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு மண்டபத்துக்கு ஏசி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றா? "இன்னும் சொல்லலீங்க, கல்யாண அலைச்சல்ல இருக்கான், இனிமேத்தான் சொல்லோணும்" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். தெரிஞ்சா தம்பி வந்திருவாக" என்றார். அவர் மனைவி அப்போதுதான் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நம்பவில்லை.

எனக்கு உன்மேல் பாசம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. பாசம் அப்படியேதான் இருக்கிறது, நீ சாப்பிட்டாயா என்று இப்போதும் நினைக்கிறேன். மரியாதைதான் இல்லை. அதைக் கல்யாணப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்று என்னிடம் வாங்க முடியாது. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டிலும் ஏதாவது குறையும். நகை குறையும், பால் குறையும், பேச்சு குறையும். நீ உடனே ஒரு முகத்தைத் தேடுவாய். பக்கத்தில் இருக்கிற முகம் அந்தப் பெண்ணுடையதாக இருக்கும். அதனால்தான் அவளுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவள் இதைப் படித்துவிட்டுக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். உன் அப்பா சொல்வார், பூசணிக்காயும் வாங்குவார்.

நீ செய்ய வேண்டியது இதுதான். பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு சூரியநெல்லிக்குப் போ. காரைக் கழுவாமல் போ. அவர் வீட்டுக்குள் போய்க் காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. ஷெட்டில் அத்தனை பேர் முன்னால்தானே சொன்னாய்? சாயங்காலம் ஜீப்புகள் இறங்குகிற நேரத்துக்குப் போ. அந்தப் பையன் குச்சியை விடும்வரைக்கும் நின்று பார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார். பிறகு, எல்லா டிரைவர்களும் கேட்கிற மாதிரி, நான் சொன்னது பொய், இவர் எதையும் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல். சொல்லிவிட்டு அவரோடு கீழே வந்து நம் ஷெட்டிலும் அதையே சொல். இந்த இரண்டும் நடக்காவிட்டால் பத்திரிகையில் என் பெயர் அச்சாகியிருக்கிறபடி இருந்துவிட்டுப் போகட்டும், மணவறைப் பக்கம் நான் வர மாட்டேன். சொந்தக்காரர்கள் காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுப்பேன்.

ஒன்று மட்டும் தயாராகப் போ. அவர் கோபப்பட மாட்டார், திட்ட மாட்டார், உன்னை உட்கார வைத்து டீ கொடுப்பார். அதற்கு நடுவில், "ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது தம்பி?" என்று கட்டாயம் கேட்பார். அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அப்போது, நான் சொன்ன பொய்யை நீயும் சொல்லாதே.

அம்மா